மழை இரவில் அலுவலகக் கணக்கு உங்கள் கையில் இருந்தால்

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, தீயணைப்பு நிலையம், நகராட்சி, காவல் நிலையம் என்று எங்கே போனாலும் ஒரே கதைதான். "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்று சொல்லி, அலுவலகத்திலேயே வயதில் சின்னவர் கையில் ஃபேஸ்புக், எக்ஸ், வாட்ஸ்ஆப் சேனல் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுவார்கள். மற்ற மாதங்களில் அதில் கொடியேற்றமும் மரம் நடுவிழாவும் போகும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால், இப்போதே வீட்டை விட்டுக் கிளம்புவதா, விடியட்டும் என்று இருப்பதா என்பதை ஒரு குடும்பம் அதே கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

அந்தச் சின்னவர் நீங்கள் என்றால் இது உங்களுக்காக. ஊர் வாட்ஸ்ஆப் குழு நடத்தும் தன்னார்வலர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மழை வந்ததும் படித்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைக்காதீர்கள். பல வேலைகளை வெயில் அடிக்கும்போதே முடித்துவைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• உதவி எண்களை இன்றே பின் செய்து வையுங்கள். பொது அவசர உதவிக்கு 112, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை என்றால் மாநகராட்சியின் 1913, மின்சாரத்துக்கு மின்னகத்தின் 94987 94987. பின் செய்வதற்கு முன் ஒவ்வொன்றையும் உங்கள் சொந்த போனிலிருந்து அடித்துப் பாருங்கள். 1077-க்கு எஸ்டிடி கோடு போட்டால்தான் லைன் கிடைக்கிறது என்றால் கோடையும் சேர்த்தே எழுதுங்கள். கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பவருக்குக் கோடு தேட நேரம் இருக்காது.

• பாஸ்வேர்டு இரண்டு பேருக்காவது தெரியும்படி ஏற்பாடு செய்யுங்கள். 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் மக்களின் போன்களுக்கு, ஏவுகணை வருகிறது என்ற எச்சரிக்கை தவறுதலாகப் போய்விட்டது. அது பொய் என்ற மறுப்பு அதே வழியில் போய்ச் சேர 38 நிமிடம் ஆயிற்று. ஆளுநர் டேவிட் இகே உடனே ட்விட்டரில் மறுக்க வேண்டியதுதானே என்று கேட்டார்கள். லாகின் விவரம் தனக்குத் தெரியாது என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். உங்கள் அலுவலகத்தில் அந்தக் கணக்கு யாருடைய நம்பரில் திறக்கப்பட்டது, ஓடிபி யாருக்குப் போகிறது என்று இன்றே விசாரியுங்கள். மாற்றலாகிப் போன ஒருவரின் போனுக்கு இன்னமும் ஓடிபி போய்க்கொண்டிருப்பது நம் அலுவலகங்களில் ஒன்றும் அதிசயமில்லை.

• என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஃபெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் விடப்பட்டது. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. முன்னறிவிப்பே இல்லை என்றார்கள் எதிர்க்கட்சியினர். அந்த வழக்கை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். உங்கள் வேலைக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் உண்டு: எச்சரிக்கை அனுப்பிவிட்டோம் என்று ஃபைலில் எழுதிவிடலாம், அது திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரிந்ததா என்பது தனிக் கேள்வி. 1.68 லட்சம் கன அடி வந்தால் தன் வீட்டுத் திண்ணை முங்குமா, கூரை முங்குமா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வழக்கமாக நாம் எழுதுவது இது: "அணையிலிருந்து உபரிநீர் திறக்கப்படுவதால் கரையோரப் பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

எழுத வேண்டியது இப்படி: "ஆற்றங்கரைத் தெரு, பள்ளத்தெரு, பாலத்துக்குக் கீழ்ப்புறம் உள்ளவர்கள் இன்று திங்கள் இரவு 9 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். 11 மணிக்கு மேல் தண்ணீர் தெருவுக்குள் வரும். அரசு மேல்நிலைப் பள்ளி திறந்திருக்கிறது. சாப்பாடு உண்டு, ஆடு மாடுகளை மைதானத்தில் கட்டலாம். வண்டி இல்லாதவர்கள் 1077-க்குக் கூப்பிடுங்கள். அடுத்த தகவல் 8 மணிக்கு."

அந்த ஆடு மாடு வரியை வெட்டிவிடாதீர்கள். கறவை மாட்டை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிடுகிறவர்கள் கிராமத்தில் நிறைய. கன அடிக் கணக்கு கட்டாயம் வேண்டும் என்று மேலதிகாரி சொன்னால் கடைசி வரியில் போடுங்கள்.

• தேதி, கிழமை, நேரம் மூன்றையும் செய்திக்குள்ளேயே எழுதுங்கள். படமாகப் போட்டால் படத்தின் மேலேயே எழுதுங்கள். நீங்கள் போட்ட போஸ்ட் ஒரு மணி நேரத்தில் ஸ்கிரீன்ஷாட்டாக மாறி வாட்ஸ்ஆப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். தேதியில்லாத "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" அடுத்த வருஷமும் உயிரோடு திரும்பி வரும்.

• ஊரார் சொல்லும் பெயரிலேயே இடத்தைச் சொல்லுங்கள். "வார்டு 178, மண்டலம் 13" என்றால் உங்களுக்குத் தெரியும். "பழைய ரேஷன் கடைக்கு எதிரில் உள்ள சமுதாயக் கூடம்" என்றால்தான் பாட்டிக்குத் தெரியும்.

• எழுத்தாகப் போடுங்கள், படம் பிறகு வரட்டும். லெட்டர்பேடில் கையெழுத்தோடு இருக்கும் பத்திரிகைச் செய்தியைச் சாய்வாக போட்டோ எடுத்து அப்படியே ஏற்றும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகளில் கரன்ட்டும் போய், சிக்னலும் போய், ஒரு கோடு இரண்டு கோடு சிக்னலில்தான் மக்கள் செய்தி தேடினார்கள். அந்தச் சிக்னலில் நான்கு வரி எழுத்து வந்து சேரும், இரண்டு எம்பி படம் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்வையற்றவர்களின் போன், எழுத்தை வாசித்துக் காட்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்தை வாசிக்கத் திணறும்.

• போன் இல்லாதவர்களுக்கும் அதே செய்தி போகும்படி பாருங்கள். மிக்ஜாமுக்கு இரண்டே வாரம் கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ஏறக்குறைய 800 பயணிகளோடு ரயில் நின்றுபோனது. அப்படி ஒரு இரவில் உங்கள் போஸ்ட்டுக்கு எத்தனை லைக் விழுந்தது என்பதில் ஒன்றும் இல்லை. வி.ஏ.ஓ.க்களின் வாட்ஸ்ஆப் குழு, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, பள்ளிவாசல், கோயில், தேவாலய மைக் என்று எல்லாவற்றுக்கும் ஒரே வாசகத்தை அனுப்புங்கள். ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு இடம் சொன்னால் ஜனங்கள் யாரையும் நம்ப மாட்டார்கள்.

• வதந்தியை மறுக்கும்போது உண்மையை முதலில் சொல்லுங்கள். 2015 சென்னை வெள்ளத்தில் ஈ.சி.ஆர். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்று ஒரு புரளி. ஒன்றுகூடத் தப்பவில்லை என்று பண்ணை நிர்வாகமே விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. 2016-ல் ஜப்பானில் குமமோட்டோ நிலநடுக்கத்தின்போது மிருகக்காட்சி சாலைச் சிங்கம் தெருவில் திரிகிறது என்று ஒருவர் படத்தோடு போட்டு, கடைசியில் கைதானார். ஊர் எதுவானாலும் வெள்ளத்தில் முதலையும் பூகம்பத்தில் சிங்கமும் வந்தே தீரும் போலிருக்கிறது. "முதலை தப்பியதாகப் பரவும் தகவல்" என்று நீங்கள் ஆரம்பித்தால், வாசிப்பவர் மனதில் முதலைதான் நிற்கும். "பண்ணையில் முதலைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன" என்று ஆரம்பியுங்கள். 2011 வெள்ளத்தில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து போலீசார் மித்பஸ்டர் என்று ஒரு ஹேஷ்டேக் வைத்து, புரளிகளை உடனுக்குடன் உடைத்தார்கள். நீங்களும் ஒரு தனி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் அதைத் தேடி வருவார்கள்.

• தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள், எப்போது தெரியும் என்பதையும் சேர்த்து. "ஏரிக்கரை நிலவரத்தைப் பொறியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 6 மணிக்குச் சொல்கிறோம்" என்றால் 6 மணி வரை மக்கள் பொறுப்பார்கள். 6 மணிக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையென்றாலும், நிலைமை அப்படியே இருக்கிறது என்று ஒரு வரி போடுங்கள். நீங்கள் பேசாத ஒரு மணி நேரத்தை நிரப்ப வேறு யாராவது "ஏரி உடைந்துவிட்டது" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருப்பார்கள்.

• மீட்டாயிற்று என்பதைப் பொதுவில் எழுதி முடித்துவையுங்கள். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில், ஏற்கெனவே மீட்கப்பட்டவர்களின் பழைய கோரிக்கைகளே மறுபடி மறுபடி ஷேர் ஆயின. ஆளில்லாத வீட்டைத் தேடிப் போகும் படகு, ஆளிருக்கும் வீட்டுக்குப் போகாத படகு. கோரிக்கைக்குக் கீழேயே "மீட்கப்பட்டனர், செவ்வாய் மாலை 4.10, இனி பகிர வேண்டாம்" என்று பதில் போடுங்கள். கோரிக்கை வைத்தவரிடமே அவர் போஸ்ட்டை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

• யாருக்கு எந்த மொழியோ அந்த மொழியில் சொல்லுங்கள். திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் தொழிலாளிக்குத் தமிழ் எச்சரிக்கை வெறும் கோடுகள்தான். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது, புரளி இந்தியில் ஓடியதால் மறுப்பும் இந்தியில் போக வேண்டியிருந்தது. 2016-ல் மியூனிக் துப்பாக்கிச் சூட்டின்போது அந்நகரப் போலீசார் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, துருக்கி என நான்கு மொழிகளில் ட்வீட் செய்தார்கள். "மேடான இடத்துக்குப் போங்கள்", "மின்கம்பியைத் தொடாதீர்கள்" போன்ற பத்துப் பதினைந்து வாசகங்களை இந்தி, வங்காளம், ஒடியாவில் இப்போதே எழுதி வாங்கி, அந்த மொழிக்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டிச் சேமித்து வையுங்கள். மொழிபெயர்ப்பு ஆப்பை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

• படத்தில் கை வைக்காதீர்கள். 2015 டிசம்பர் 3 அன்று சென்னை வெள்ளத்தைப் பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிடும் படத்தை மத்திய அரசின் பி.ஐ.பி. ட்விட்டரில் போட்டது. ஜன்னலுக்குள் தெரிந்த காட்சி வேறொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது என்பதை ஜனங்கள் சில நிமிடங்களில் கண்டுபிடித்தார்கள். படத்தை நீக்கி, இரண்டு படங்களை இணைத்துவிட்டோம் என்று விளக்கம் சொன்னார்கள். ஊர் மூழ்கிக் கிடந்த அந்த நாளில் பேச்செல்லாம் அந்த ஜன்னலைப் பற்றித்தான். இப்போது ஏஐ படங்களும் சேர்ந்துவிட்டன. போன வருஷப் படம், பக்கத்து மாநிலப் படம், "மாதிரிக்காக" போடும் படம் எதுவும் வேண்டாம். படம் இல்லையென்றால் எழுத்து போதும்.

• நீங்களாக ரெட் அலர்ட் விடாதீர்கள். மழைக்கு நிறம் கொடுப்பது வானிலை ஆய்வு மையத்தின் வேலை. அவர்கள் கணக்கில் அதி கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல், சாதாரணக் கனமழை அதில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கிவிடும். பக்கத்து மாவட்டத்து எச்சரிக்கையை உங்கள் மாவட்டத்துக்கு ஒட்டிவிட்டால், அடுத்த முறை நிஜச் சிவப்பு வரும்போது யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

• "மக்கள் பீதியடைய வேண்டாம்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பீதி இல்லாதவருக்கும் அதைப் படித்ததும் வந்துவிடும். என்ன செய்யலாம் என்று ஒரு வேலையைக் கொடுங்கள். கை வேலையில் இறங்கினால் பயம் தானாகக் குறையும்.

• கேட்ட செய்தியைச் சரிபார்க்காமல் ஃபார்வர்டு செய்யாதீர்கள், அனுப்பியவர் உங்கள் மேலதிகாரியே ஆனாலும். "சார், இது எங்கிருந்து வந்தது?" என்று ஒரு கேள்வி கேட்பதில் தப்பில்லை. பேரிடர் குறித்துப் பொய் எச்சரிக்கை பரப்பினால் 2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ம் பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் உண்டு.

• உதவி கேட்டவரின் போன் நம்பரையும் வீட்டு முகவரியையும் பொதுவில் போடாதீர்கள். 2021-ல் கோவிட் இரண்டாம் அலையின்போது ஆக்சிஜனுக்கும் பிளாஸ்மாவுக்கும் நம்பர் கொடுத்த பெண்கள் சிலருக்கு ஆபாச அழைப்புகள் வந்தன. பணத்தை வாங்கிக்கொண்டு சிலிண்டர் தராமல் ஏமாற்றிய கூட்டமும் இருந்தது. வெள்ளத்தில் இன்னொரு கஷ்டமும் சேரும்: நூறு பேர் நலம் விசாரிக்கக் கூப்பிட்டே அந்த போனின் சார்ஜ் தீர்ந்துபோகும், மீட்புப் படகுக்காரர் கூப்பிடும்போது ஸ்விட்ச் ஆஃப். நம்பரைத் தனிச் செய்தியில் வாங்கி நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொடுங்கள். காயம்பட்டவர், இறந்தவர் முகங்களும் இதே கணக்குதான். வீட்டாருக்குச் சொல்வதற்கு முன் டைம்லைன் சொல்லிவிடக் கூடாது.

• கமென்ட்டில் வரும் உதவிக் குரலைப் பார்க்க ஆளில்லாவிட்டால், பார்ப்பதுபோல் காட்டிக்கொள்ளாதீர்கள். 2017-ல் ஹார்வி புயலில் ஹூஸ்டன் மூழ்கியபோது, ஆபத்தைச் சமூக வலைதளத்தில் எழுதாதீர்கள், போன் செய்யுங்கள் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை மக்களைக் கேட்டுக்கொண்டது. உங்களுக்கு இரவில் ஆள் இல்லையென்றால் "இரவு 10 முதல் காலை 6 வரை இங்கே பதில் வராது, 112-க்குக் கூப்பிடுங்கள்" என்று எழுதி வைத்துவிடுங்கள். நம் ஊரில் இதற்குக் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. கலெக்டர் கணக்கில் எந்தப் போஸ்ட் போட்டாலும் கீழே "சார் நாளைக்கு லீவா?" என்று பிள்ளைகள் வரிசைகட்டி நிற்பார்கள். அந்த நூறு லீவுக்கு நடுவில் ஒரு "அம்மா மூச்சுத் திணறுது, மாடியில் இருக்கோம்" கிடக்கும். லீவு உண்டா இல்லையா என்று சீக்கிரம் அறிவித்துவிட்டால் அந்த வரிசை கலைந்துவிடும். பெற்றோருக்கும் காலை ஆறு மணிக்கு முன்னால் தெரிந்தால்தான் பிரயோஜனம்.

• நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கையை லைவ் போடாதீர்கள். 2008 மும்பைத் தாக்குதலில் கமாண்டோக்கள் இறங்குவதை டிவியில் பார்த்துத்தான் எல்லைக்கு அப்பாலிருந்து பயங்கரவாதிகளுக்கு உத்தரவு போனது; நேரலை செய்த சேனல்களை 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. இன்று ஒவ்வொரு போனும் ஒரு சேனல். வேடிக்கை பார்ப்பவர்களையும் வீடியோ போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

• தவறான போஸ்ட்டைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் ஊருக்குள் போயிருக்கும். "மாலை 5 மணிக்குப் பாலம் மூடப்பட்டதாகச் சொன்னது தவறு. பாலம் திறந்திருக்கிறது" என்று அதே இடத்தில் திருத்தம் போட்டுவிட்டுப் பிறகு பழையதை எடுங்கள்.

• பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டாதீர்கள். முன்னே சொன்ன ஹவாய் அவசரகால மையத்திலேயே, அதற்கு முந்தைய ஆண்டு பத்திரிகைக்காரர் எடுத்த படத்தில், மானிட்டரில் ஒட்டிய சீட்டில் ஒரு பாஸ்வேர்டு பளிச்சென்று தெரிந்தது. அமைச்சர் ஆய்வுக்கு வரும் நாளில் உங்கள் கட்டுப்பாட்டு அறைக்குள் எத்தனை கேமரா வரும் என்று யோசியுங்கள்.

• எச்சரிக்கைகளுக்கு நடுவில் பொன்னாடைப் படங்களைச் செருகாதீர்கள். யார் வந்து ஆய்வு செய்தார், யார் போர்வை வழங்கினார் என்பதெல்லாம் அடுத்த வாரம் போகட்டும். அல்லது அதற்கென்று ஒரு தனிக் கணக்கு வையுங்கள். வற்புறுத்தினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முகாம் முகவரி கீழே தள்ளப்பட்டுக் காணாமல் போவதை உங்கள் போனிலேயே திறந்து காட்டுங்கள், பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

• தனிநபர் க்யூஆர் கோடு எதையும் பகிராதீர்கள். நல்லவரே ஆனாலும் வேண்டாம். ஒரு நல்ல கோடு போனால் அதேபோல நாலு போலிக் கோடு பின்னாலேயே வரும். அரசின் நிவாரண நிதிக் கணக்கை மட்டும் போடுங்கள். பணம் போய்விட்டது என்று சொல்பவரை உடனே 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அனுப்புங்கள்.

• குறை சொல்பவரோடு மல்லுக்கட்டாதீர்கள், பிளாக்கும் செய்யாதீர்கள். மூன்று நாளாகக் கரன்ட் இல்லாதவர் மரியாதையாகப் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் திட்டில் தெருப் பெயர் ஒன்று இருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

• மழை விட்டதும் கணக்கை மூடிவிட்டுப் போகாதீர்கள். மக்களுக்குக் கேள்வி ஆரம்பிப்பதே அப்போதுதான். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டுமா, மெயின் சுவிட்சைப் போடலாமா, வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால் யாரைக் கூப்பிடுவது, தண்ணீரில் போன ஆதாரும் ரேஷன் கார்டும் எங்கே கிடைக்கும். மிக்ஜாமுக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடை வழியே டோக்கன் கொடுத்து வழங்கினார்கள். அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் எந்தக் கடை, எந்தத் தெருவுக்கு எந்தத் தேதி, கார்டு இல்லாதவர் என்ன கொண்டுவர வேண்டும், டோக்கன் கிடைக்காதவர் யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நாலு வரியில் அன்றைக்கே போடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கே கடை வாசலில் செருப்பைப் போட்டு இடம் பிடிப்பது பாதி குறையும்.